கை காட்டினால் நிற்கும்

மால்கம் விட்டேக்கர் வெள்ளைத்தாளில் கட்டம் போட ஆரம்பித்தார் என்றால், விஷயம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் ஹேசல் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். சமையலறைக்கு என்ன வண்ணம், நாய் வேண்டுமா வேண்டாமா, அவளுடைய தங்கை கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் தங்கலாம், எல்லாவற்றுக்கும் கட்டம் வந்திருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் மால்கம்தான் ஜெயித்திருக்கிறார்.

இந்த முறை தலைப்பு "ரயிலா, காரா?"

இருவரும் அந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தார்கள். மால்கம் முப்பத்தொரு வருஷம் புவியியல் வாத்தியார். ஹேசல் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. அதாவது, வலியில் வருகிறவர்களிடம் வியாழக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லி, அவர்களிடமே நன்றியும் வாங்குகிற வேலை. ஜூன் மாதம் முழுக்க பிரிட்டனைச் சுற்றுவது என்று பேசியிருந்தார்கள். கார்ன்வால் முனையில் தொடங்கி, வேல்ஸ், ஏரிப் பிரதேசம், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை வரை.

ஹேசலுக்கு மனதில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஆப்பிள்கிராஸ். ஸ்காட்லாந்தில் மலைக் கணவாய் ஒன்றில் வளைந்து வளைந்து ஏறி, மறுபக்கம் கடலில் போய் இறங்குகிற ஒற்றைப் பாதை. தன்னுடைய சின்ன நீலக் காரில் அதில் ஏற வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. கார் ஓட்டுவது என்றால் அவளுக்கு உயிர்.

மால்கமின் தாளில் பதினோரு வரிசைகள் இருந்தன. வசதி, நேரம், சுமை, மழை, முதுகு, இப்படி. கூட்டிப் பார்த்தார். கார் ஜெயித்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கூட்டினார். மறுபடியும் கார்தான். அப்புறம் பன்னிரண்டாவது வரிசையாக "பூமியின் எதிர்காலம்" என்று எழுதி, அதற்கு மட்டும் மூன்று மடங்கு மதிப்பெண் என்று தீர்மானித்தார். ரயில் தாராளமாக ஜெயித்தது.

"என் விருப்பம்னு ஒரு வரிசை இல்லையா?" என்று கேட்டாள் ஹேசல்.

"அது 'இதர'வுல வருது."

"'இதர'வுக்கு எத்தனை மார்க்?"

"அஞ்சுக்கு ரெண்டு. மழையைவிட உனக்கு அதிகமாத்தான் போட்டிருக்கேன்."

முடிவு எடுத்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. லிட்டில் ஹாவர்டன் சிறிய ஊர். எல்லோர் வீட்டுக்கும் தேவாலயத்தின் மாத இதழ் போகும். அதில் ஒரு பக்கத்துக்கு எழுதினார். கார் வைத்திருப்பவன் பேரப்பிள்ளைகளின் மூச்சைத் திருடுகிறான் என்றார். முக்கால் மைல் தூரத்திலிருக்கும் தேவாலயத்துக்குக் காரில் வருகிற "ஒருவரை" பெயர் சொல்லாமல் கண்டித்தார். அப்படி வருகிறவர் ஊரிலேயே ஒருத்தர்தான்: பாதிரியார் ஃபிலிப்பா. கடைசியில், தான் ரயிலில் மட்டுமே பயணம் செய்யப் போவதாகவும், கொள்கைக்காகத் தன் ஓட்டுநர் உரிமத்தை வீட்டு மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டுப் போவதாகவும், தினமும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் "தண்டவாளக் குறிப்புகள்" எழுதப் போவதாகவும் அறிவித்தார்.

லிட்டில் ஹாவர்டனில் ரயில் நிலையம் கிடையாது. ஒன்பது மைல் போக வேண்டும். புறப்படுகிற அன்று பக்கத்து வீட்டு டிரெவர் பேக்ஷா தன்னுடைய பெரிய டீசல் வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

"பின்னாடி சீட்டுல குனிஞ்சு உக்காந்துக்கோ மால்கம். யாராவது பாத்துடப் போறாங்க," என்றார் டிரெவர். ஹேசல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மால்கம் சிரிக்கவில்லை, உண்மையிலேயே கொஞ்சம் குனிந்துதான் உட்கார்ந்திருந்தார்.

கார்ன்வால் ரயில் நன்றாகவே போனது. கடலை ஒட்டி ஓடும்போது ஹேசல்கூட, சரி, இதுவும் அழகுதான் என்று நினைத்தாள். ஆனால் மால்கம் தேர்ந்தெடுத்த விடுதி கடைசி நிலையத்திலிருந்து நாலு மைல், முழுக்க ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. டாக்சி பிடிக்கலாமே என்றாள். டாக்சியும் கார்தான் என்றார். ஆளுக்கொரு பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் ஹேசலின் பெட்டிச் சக்கரம் ஒன்று கழன்று, சாலையில் தனியாக உருண்டு, இறக்கத்தில் காணாமல் போனது. அதற்குத்தான் போகிற இடம் நன்றாகத் தெரிந்திருந்தது.

வேல்ஸில் மூன்று நாள் கொட்டிய மழையில் தண்டவாளம் மூழ்கிவிட்டது. ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டார்கள். மூன்று மணி நேரம் மால்கம் அந்த பஸ்ஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, "தண்டவாளங்கள் இன்று எனக்காகப் பாடின" என்று குறிப்பு எழுதினார்.

"எந்தத் தண்டவாளம்?" என்றாள் பக்கத்தில் இருந்த ஹேசல்.

"பொதுவா சொன்னேன்."

ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், கார்லைல் நிலையத்தில்தான் எல்லாம் உடைந்தது. அங்கே வண்டி மாற ஏழு நிமிஷம் போதும் என்று கணக்குப் போட்டவர் மால்கமேதான். கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வந்து, படி ஏறி, பாலம் கடந்து, படி இறங்கி மறு மேடைக்கு வந்தபோது அவர்கள் பிடிக்க வேண்டிய ரயிலின் பின்புறம் மட்டும் தெரிந்தது. மால்கம் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

"டீ வாங்கிட்டு வரட்டுமா?" என்றாள் ஹேசல்.

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "வாடகைக் கார் கிடைக்குமான்னு பாரேன். சும்மா பாரு. தண்டவாளம் போகாத இடங்களுக்கு மட்டும். அதை ரயிலோட ஒரு நீட்சின்னுதான் பாக்கணும்."

உரிமம் அவருடையது வீட்டு மேசை இழுப்பறையில். ஹேசலுடையது கைப்பையில். சிவப்பு நிறத்தில் சின்ன வண்டி ஒன்று கிடைத்தது. அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்தபோது, ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

அந்த நினைப்பு மறுநாள் காலை வரைதான் நீடித்தது.

"பத்து நாற்பதுக்கு ஸ்டேஷன்ல இருக்கணும்," என்றார் மால்கம், முட்டையை உடைத்துக்கொண்டே.

"எதுக்கு? நம்மகிட்டதான் வண்டி இருக்கே."

"படத்துக்கு. ஊர்ல காத்துட்டு இருப்பாங்க ஹேசல்."

அன்றிலிருந்து இப்படித்தான் நடந்தது. காரில் ஒரு ரயில் நிலையத்துக்குப் போவார்கள். வண்டியைப் படத்தில் விழாத இடத்தில் நிறுத்துவார்கள். மால்கம் பெட்டியோடு மேடையில் போய் நிற்பார். ரயில் வரும்போது, தூரத்தை நோக்கும் முகத்தோடு திரும்புவார். ஹேசல் அவருடைய போனில் படம் எடுப்பாள். ரயில் போய்விடும். இருவரும் காருக்குத் திரும்புவார்கள். இடுப்பு வலிக்கிறது என்று பெட்டியிலிருந்த துணிகளையெல்லாம் கார் டிக்கியில் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு நின்றார்.

ஏரிக்கரையில் நிறுத்தலாம் என்பாள் ஹேசல். நேரமில்லை, பன்னிரண்டு ஐந்துக்கு வண்டி வந்துவிடும் என்பார். கார் இருந்தும் ரயில் நேரத்துக்கு ஓட வேண்டியிருந்தது. ரயில் நேரத்துக்கு ஓடியும் ரயிலில் ஏற முடியவில்லை. இரண்டிலும் உள்ள தொல்லைகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு சுற்றுலாவாகக் கட்டிக்கொண்டவர்கள் அந்த ஜூனில் பிரிட்டனில் அவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும்.

பத்தொன்பதாவது நாள் அக்னகெரி என்ற நிலையத்துக்கு வந்தார்கள். மேற்குக் கரைக்குப் போகிற ஒற்றைத் தடத்தில், மலைக்கும் நீருக்கும் நடுவில், ஒரு மேடை, ஒரு பெஞ்சு, ஒரு அறிவிப்புப் பலகை. மனித வாடையே இல்லை. அங்கிருந்து ஆப்பிள்கிராஸ் கணவாய் ஒரு மணி நேரம்கூட இல்லை. வரும் வழியில் பிரிகிற சாலைப் பலகையை ஹேசல் பார்த்திருந்தாள்.

"படம் எடுத்ததும் அந்தக் கணவாய்க்குப் போலாம் மால்கம். மத்தியானச் சாப்பாடு அங்கே."

"இன்னிக்கா? மூணு மணிக்கு இன்னொரு ஸ்டேஷன் இருக்கே. பழைய இரும்புப் பாலம். மாலை வெளிச்சம் அருமையா விழும்."

"எனக்கு அந்த ஒரு இடம்தான் பாக்கணும்னு ஆரம்பத்துலயே சொன்னேன்."

"மலைதானே? இங்கேயே இருக்கு பாரு, சுத்தி," என்று கையை வீசிக் காட்டிவிட்டு, போன் கண்ணாடியில் தலை வாரிக்கொள்ளப் போனார்.

அவர் தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில் ஹேசல் அறிவிப்புப் பலகையைப் படித்தாள். இந்த நிலையத்தில் ரயில் தானாக நிற்காது. ஏற விரும்புகிறவர்கள் ஓட்டுநருக்குத் தெரியும்படி கையைத் தெளிவாக உயர்த்திக் காட்டவும் என்று அதில் எழுதியிருந்தது. மால்கமுக்கும் இது தெரியாததில்லை. நேர அட்டவணையில் இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் பக்கத்தில் சின்னக் குறி இருக்கும் என்று அவர்தான் அவளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் விளக்கியிருந்தார். ஆனால் படம் என்று வந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் நினைவிருப்பதில்லை.

மலை வளைவில் ரயில் தலைகாட்டியது. மால்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் விறைப்பா இருக்கு," என்றாள் ஹேசல். "கையைத் தூக்கேன். ரயிலை வரவேற்கிற மாதிரி."

தூக்கினார்.

"இன்னும் மேலே. ஆங். அப்படியே வெச்சுக்கோ."

ரயில் வேகம் குறைத்தது. மால்கமின் முகத்தில் பெருமிதம் இருந்தது. பிறகு சந்தேகம் வந்தது. பிறகு வண்டி முழுதாக நின்று கதவு திறந்தது. உள்ளேயிருந்து குட்டையான, செம்பட்டைத் தலைமுடிக்காரப் பெண் கார்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏறுங்க ஐயா."

"இல்லம்மா, நான் சும்மா..."

"கை காட்டினது நீங்கதானே? கையில பெட்டி வேற இருக்கு."

"அது வந்து... படத்துக்கு."

"எதுக்கு?"

ரயில் பெட்டி நிறையப் பயணிகள். நாலைந்து பேர் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கைக்கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார். ரயிலில் மட்டுமே போவேன் என்று மாத இதழின் முழுப் பக்கத்துக்குப் பிரசங்கம் செய்த மனிதர், படம் எடுக்க ரயிலை நிறுத்தினேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? ஹேசலைத் திரும்பிப் பார்த்தார். அவள் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், இருபத்தெட்டு பேரு காத்திருக்காங்க," என்றாள் கார்டு.

மால்கம் ஏறினார். வெறும் பெட்டி படியில் டொம்மென்று மோதிய சத்தம் மலை வரை கேட்டது. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொன்னார் என்று ஹேசலுக்குக் கேட்கவில்லை. ரயில் கடல் பக்கம் திரும்பி மறைந்தது.

துரத்திக்கொண்டு போய் அடுத்த நிலையத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் ஹேசல் காரில் ஏறினாள். அது உண்மை. சாவியைப் போட்டும்விட்டாள். அப்போதுதான் கையிலிருந்த அவருடைய போன் சிணுங்கியது. ஊர்க் குழுவில் யாரோ ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே, நேற்றைய குறிப்புக்கு டிரெவரின் மனைவி பாலின் கேட்டிருந்தாள்: "மால்கம், ஹேசலும் கூட வந்திருக்காங்கதானே? ஒரு படத்துலகூட காணோமே?"

அதற்குக் கீழே அன்று காலை மால்கம் எழுதிய பதில்: "வந்திருக்கா. சாமான்களைப் பார்த்துக்கறா."

ஹேசல் என்ஜினை அணைத்தாள். முதல் நாளிலிருந்து எல்லாக் குறிப்புகளையும் படித்தாள். "நான் வடக்கே விரைந்தேன்." "மலைகள் எனக்குத் தலைவணங்கின." "என் தோளில் சுமை, என் மனதில் அமைதி." பதினெட்டுக் குறிப்புகள். அவள் பெயர் ஒன்றில்கூட இல்லை. கார்ன்வாலில் சக்கரம் கழன்றது அவள் பெட்டி; இங்கே அதுவும் "என் பெட்டி" ஆகியிருந்தது. கார்லைலுக்குப் பிறகு ஒவ்வொரு மைலும் ஓட்டியது அவள். அந்த மைல்களையெல்லாம் அவர் ரயிலுக்குக் கொடுத்துவிட்டார்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. யாரோ தெரியாத ஒரு மனிதரின் சுற்றுலாவைப் படித்ததுபோல இருந்தது; அந்த மனிதரும் அவ்வளவு சுவாரசியமானவர் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. தெரியாத எண். மால்கம்தான், கடைசி நிலையத்தில் யாரிடமோ போன் வாங்கிப் பேசினார்.

"ஹேசல்! எங்கே இருக்கே? நான் கைல்ங்கற ஊர்ல எறங்கிட்டேன். நேரா வந்துடு. சீக்கிரம் வந்துடலாம், ஒரே ரோடுதான்."

"நான் ஆப்பிள்கிராஸ் போறேன்."

"என்னது?"

"ரெண்டு ராத்திரி தங்கலாம்னு இருக்கேன். நாளன்னிக்கு மத்தியானம் அக்னகெரிக்கு வரேன். நீ ரயில்ல வந்துடு. எறங்கணும்னா முன்னாடியே கார்டுகிட்ட சொல்லணும், இல்லேன்னா நிக்காது."

"என்கிட்ட மாத்துத் துணிகூட இல்ல ஹேசல். பெட்டி காலி!"

"தெரியும். டிக்கியில பத்திரமா இருக்கு. நான் பாத்துக்கறேன். அதானே என் வேலை."

அந்தப் பக்கம் கடல் பறவைகள் கத்தின.

"பாலின் மெசேஜைப் பாத்தியா?" என்றார் மெல்ல.

"எல்லாத்தையும் பாத்தேன்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கணவாய் அவள் நினைத்ததைவிடச் செங்குத்தாக இருந்தது. முதல் கியரில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி இடம்விட்டு, கையசைத்து ஏறினாள். உச்சியில் மேகம். ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது சட்டென்று மேகம் விலகி, கீழே கடலும் அதற்கு அப்பால் தீவுகளும் தெரிந்தன. ஹேசல் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, யாருக்காகவும் படம் எடுக்காமல், பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே விடுதியில் பெரிய இறால்களைத் தட்டு நிறைய வாங்கி விரல்களாலேயே உரித்துத் தின்றாள். எத்தனை மணி என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மணலில் படுத்து ஒரு துப்பறியும் நாவலை முழுதாகப் படித்து முடித்தாள். ஒரே ஒரு முறை மால்கம் என்ன சாப்பிட்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் ரயில் அக்னகெரியில் நின்றது. மால்கம் இறங்கினார். அதே சட்டை, அதன்மேல் ஆட்டுக்குட்டிகள் வரிசையாக நடக்கிற நீல ஸ்வெட்டர். சுற்றுலாக் கடையில் அவர் அளவுக்கு இருந்தது அது ஒன்றுதானாம். அதே செம்பட்டைத் தலை கார்டு கதவில் நின்று ஹேசலுக்குச் சல்யூட் அடித்தாள்.

"கைல் எப்படி இருந்துச்சு?" என்றாள் ஹேசல்.

"சின்ன ஊரு. முதல் நாளே முடிஞ்சிடுச்சு." பெட்டியை டிக்கியில் வைத்தார். ஹேசல் நீட்டிய தன் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ரயில்ல... உண்மையிலேயே நல்லா இருந்துச்சு. ரெண்டு தடவையும். உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. நீ இல்ல."

அதைத்தான் அவர் மன்னிப்பாகச் சொல்கிறார் என்று ஹேசலுக்குப் புரிந்தது. மால்கமிடமிருந்து இதைவிடப் பெரிய அளவில் மன்னிப்பு வருவதில்லை. இதுவே பல வருஷத்துக்கு ஒரு முறை வருவது.

"ஏறு," என்றாள்.

"எத்தனை மணிக்கு எங்கே இருக்கணும்?"

"எங்கேயும் இல்ல."

வடக்கே ஓட்டினாள். அரைமணி நேரத்தில் மால்கம் தூங்கிவிட்டார். தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் பிளந்து, நெஞ்சின் மேல் ஆட்டுக்குட்டிகள் ஏறி இறங்கின. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி நின்றபோது ஹேசல் தன் போனை எடுத்தாள். ஒரே படம், மால்கம், சீட் பெல்ட், பின்னால் மின்னும் ஏரி, முன்னால் சிவப்புக் காரின் மூக்கு. அதுவரை அந்த ஊர்க் குழுவில் அவள் ஒரு வார்த்தை எழுதியதில்லை. "நான் ஓட்டறேன், அவர் தூங்கறார். கார்லைல்லேர்ந்து இப்படித்தான்," என்று எழுதி அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மால்கமின் போன் சட்டைப்பையில் விடாமல் சிணுங்கி அவரை எழுப்பியது. படித்தார். காது சிவந்தது. பத்து மைல் போயிற்று.

"வாய் மூடியிருக்கும்போது எடுத்திருக்கலாம்," என்றார் கடைசியில்.

"அதுக்காகத்தான் முப்பத்தெட்டு வருஷமா காத்திருக்கேன் மால்கம்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, இருமலாக்கி, முடியாமல் விட்டுவிட்டார். பிறகு போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் வாசித்தார். "ஃபிலிப்பா எழுதியிருக்காங்க. 'அழகான வண்டி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் அதுலயே வந்துடுங்க'ன்னு." ஹேசலைப் பார்த்தார். "என்ன பதில் போடறது?"

"உண்மையைப் போடு."

பெருவிரலால் நெடுநேரம் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். ஹேசல் எட்டிப் பார்க்கவில்லை. பாதை குறுகலாக இருந்தது, எதிரே ஆடுகள் வேறு நின்றன. கடைசியில் அனுப்பியது ஒரே வரிதான் என்று அன்று சாயங்காலம் விடுதியில் அவளுக்குத் தெரிந்தது: "வண்டி ஓட்டுவது ஹேசல். நான் பயணி."

மிச்சமிருந்த எட்டு நாளும் சிவப்புக் காரில்தான் போனார்கள். மால்கம் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, பிரேக்கை இவ்வளவு அழுத்தாதே, இந்த வளைவுக்கு மூன்றாவது கியர் போதும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஹேசல் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.